மாவு மாத்திரை

அத்தியாயம் 3

மிச்சமிருந்த மாத்திரைகளையெல்லாம் அவள் கழிவறையில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தாள்.

“ஒண்ணுகூட வெக்கலியாம்மா?” என்று மூக்கர் கேட்டார்.

“மாவுதானே சார். அதுல என்ன வெக்கிறதுக்கு இருக்கு?”

மூக்கர் என்பது அவருக்குத் துப்பறியும் தொழில் கொடுத்த பெயர். பார்த்தவர்கள் ஏன் என்று கேட்பதில்லை. முகத்துக்கு முன்னால் மூக்கு போகும், மூக்குக்குப் பின்னால் அவர் போவார். அவருக்குப் பின்னால் உதவியாளர் கொசு போவாள். ஒல்லி, குள்ளம், காதோரம் ஓயாத ரீங்காரம். அடித்தாலும் போகமாட்டாள் என்பதால் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி. ஜன்னலோரக் கட்டிலில் அந்தப் பெண் சுருண்டு கிடந்தாள். முழங்கால் மோவாயை முட்டியது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். தேய்த்துத் தேய்த்து விரல் நுனிகள் வழவழத்திருந்தன. அந்த விரல்கள் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தன. வலி வந்தால் கம்பியை இறுக்குவாள். விட்டால் பேசுவாள். பேச்சும் அப்படியே துண்டு துண்டாக வந்தது.

மதியத்துக்கு மேல் ஆபரேஷன். கருப்பை, இரண்டு சினைப்பைகள், எல்லாம் வெளியே வரப்போகின்றன. அவளுக்கு வயது இருபத்தொன்பது.

கட்டிலின் கால்மாட்டில் அவள் கணவன் நின்றான். லிஃப்ட் மெக்கானிக். நேற்று மூக்கரின் ஆபீஸ் படியேறி வந்து, “என் பொண்டாட்டி என்னத்தை முழுங்கினான்னு கண்டுபிடிச்சுக் குடுங்க சார்” என்று சொன்னவன். அதற்கு மேல் சொல்ல வராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவன்.

கதை சின்னது. கருப்பைக்குள் வளர வேண்டிய சவ்வு வழிதவறி வெளியே முளைக்கிறது. மாதாமாதம் அங்கேயே வீங்கி, அழன்று, ரத்தம் கசிந்து, உள்ளுறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டிப்போடுகிறது. எண்டோமெட்ரியோசிஸ். அந்தப் பெயர் அவள் காதில் விழவே வருடங்கள் ஆயின. அதுவரை அவளுடைய நோய்க்கு ஊர் வைத்த பெயர், ‘எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே’.

பிறகு ஓர் ஆராய்ச்சி நிலையம் அவளைச் சேர்த்துக்கொண்டது. ஒரு மரப்பட்டையிலிருந்து பிரித்த மருந்து, உள்ளே எரிகிற அழற்சியைத் தணிக்குமா என்று பார்த்தார்கள். பாதிப் பெண்களுக்கு மருந்து, பாதிப் பெண்களுக்கு டம்மி. யாருக்கு எது என்பது கொடுக்கிறவருக்கும் தெரியாது, முழுங்குகிறவருக்கும் தெரியாது. மூன்று மாதம் அவள் நிமிர்ந்து நடந்தாள். ஆய்வு முடிந்தது, புட்டி நின்றது, வலி வீடு திரும்பியது. போன வாரம் ரகசியக் குறியீட்டைப் பிரித்துச் சொன்னார்கள்: உங்களுக்குக் கொடுத்தது டம்மிதான், வெறும் மாவு.

கடை முதலாளி சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை. “மாவுக்கே போற வலிக்கா இத்தனை வருஷம் படுத்துக் கிடந்தே?” என்று மட்டும் கேட்டார். அவள் பதில் சொல்லாமல் பஸ் ஏறிப் போய், எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்று ஆபரேஷனுக்குச் சம்மதம் சொல்லிவிட்டு வந்தாள்.

“படிஞ்சதை மட்டும் சுரண்டி எடுக்கலாம், கர்ப்பப்பையை விட்டுடலாம்னு சர்ஜன் சொன்னாராமே?” என்றார் மூக்கர்.

“சொன்னார். நான்தான் வேணாம்னுட்டேன்.” கம்பியை இறுக்கினாள். விட்டாள். “சுரண்டினா யாருக்கு சார் தெரியும்? மொத்தமா எடுத்துத் தட்டுல வெச்சு எல்லாருக்கும் காட்டட்டும். தீஞ்சு கிடக்கிறதைக் கண்ணால பார்த்தாவது நம்புவாங்கல்ல.”

கணவன் தரையைப் பார்த்தான்.

“அந்த மாத்திரை எப்படி இருக்கும்?” என்று மூக்கர் கேட்டார்.

“கேப்சூல். பெருசு. தொண்டையில சிக்கும். அதனால ராத்திரி படுக்கும்போது பிரிச்சு நாக்குல கொட்டித் தண்ணி குடிச்சிடுவேன். மஞ்சளா ஒரு தூள். ஒரே காரம். ஏப்பம் விட்டா நெஞ்சு எரியும்.”

“மாவு எங்கேயாவது காரமா இருக்குமா?”

“நானும் அதைத்தான் கேட்டேன். அப்படித் தோணும்மா, எல்லாம் மனசுதான்னாங்க.” அவள் சிரித்தாள். அழுதிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது. “வலியும் மனசு, காரமும் மனசு. எனக்கு உடம்புன்னு ஒண்ணு இருக்கா இல்லியான்னே தெரியல.”

கணவன் அவசரமாகக் குறுக்கே வந்தான். “சும்மா மனசுன்னா அவ்வளவு ரத்தம் போகுமா சார்? நான்தானே துவைக்கிறேன். பாவாடை, விரிப்பு, தலையணை உறை. சோப்பு நுரையே சிவந்து போகும். நான் பார்த்திருக்கேன்.”

“தலையணை உறையிலுமா?”

“ஆமா. அந்த மூணு மாசமும் இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு.”

மூக்கர் அவளைப் பார்த்தார். “மூக்குல, பல்லுல ரத்தம் வருமா?”

“இல்லியே.”

அவர் எழுந்துகொண்டார். வெளியே, லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியில் இறங்கும்போது கொசு ஆரம்பித்தாள்.

“வயித்துவலிக்காரிக்குத் தலையணையில எதுக்கு சார் ரத்தம்? தலைகீழாத் தொங்கித் தூங்குவாங்களோ?”

“அதுவும் வலி குறைஞ்சிருந்த மூணு மாசத்துல. யோசி.”

“யோசிக்கிறது உங்க டிபார்ட்மென்ட். நான் வண்டி ஓட்டுறேன்.” ஸ்கூட்டரை உதைத்தாள். “ஹெல்மெட் போடுங்க. மூக்கு உள்ள போகலேன்னா கண்ணாடியைத் திறந்து விட்டுக்கோங்க.”

போகிற வழியில் மூக்கர் தன் கணக்கைச் சொன்னார். மாவு காரமாக இருக்காது. அவள் முழுங்கியது காரமாக இருந்தது. ஆகவே அவள் முழுங்கியது மாவு அல்ல, மருந்து. எங்கோ புட்டி மாறியிருக்கிறது. மாறியதை நிரூபித்துவிட்டால் போதும், நிஜ மருந்துக்குத்தான் நிஜ வலி குறைந்தது என்று ஆகிவிடும். தட்டில் எதையும் வைத்துக் காட்டவேண்டிய அவசியம் அவளுக்கு இருக்காது.

“கேட்க நல்லாத்தான் இருக்கு சார்,” என்றாள் கொசு. “நீங்க முதல்ல சொல்ற கணக்கு எப்பவுமே கேட்க நல்லா இருக்கும்.”

*

ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வு டாக்டர் அறையைக் காலி செய்துகொண்டிருந்தார். நாற்பதைத் தொட்ட பெண்மணி. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில், எந்தப் பெட்டியில் எதை வைப்பது என்று தெரியாதவராகக் கையில் ஒரு பூந்தொட்டியோடு நின்றார்.

“மூடிட்டாங்க,” என்றார், வந்தவர்கள் யார் என்று கேட்கும் முன்பே. “இனிமே அந்தப் பட்டைக்கு ஒரு காசு கிடையாது.”

“ஏன்?”

“மருந்து சாப்பிட்டவங்களுக்கு வலி நல்லாக் குறைஞ்சது. டம்மி சாப்பிட்டவங்களுக்கும் அதே அளவு குறைஞ்சது. மாவை ஜெயிக்க முடியாத மருந்துக்கு என்ன மரியாதை?” பூந்தொட்டியைக் கீழே வைத்தார். “கிண்ணத்துல வளர்த்த செல்லுல வேலை செஞ்சுது. எலியில வேலை செஞ்சுது. வீக்கம் கண்ணு முன்னாடி வத்திச்சு. வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழி உடைஞ்சுபோச்சு.”

மூக்கர் நேராக விஷயத்துக்கு வந்தார். “உங்க மருந்து காரமா இருக்குமா டாக்டர்?”

“பயங்கரமா. ஏப்பம் விட்டா நெஞ்சு எரியும்.”

கொசு மூக்கரை ஓரக்கண்ணால் பார்த்தாள். மூக்கர் தொண்டையைச் செருமினார். “அப்படின்னா புட்டி மாறியிருக்கு. கண்ணாடிக் கடைப் பெண்ணுக்கு நீங்க கொடுத்தது மருந்துதான். அவங்களுக்கும் எரிஞ்சிருக்கு.”

டாக்டர் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. மூக்கருக்கு அது பிடிக்கவில்லை.

“டம்மியும் எரியணும்னு நாங்கதான் சொல்லி வெச்சோம். மருந்து மஞ்சளா, காரமா இருந்து, டம்மி வெள்ளையா, சப்புன்னு இருந்தா என்ன ஆகும்? பெண்கள் காத்திருக்கிற ஹால்ல ஒண்ணா உட்கார்ந்து பேசுவாங்க. உனக்கு எரியுதா, எனக்கு எரியலியேன்னு அன்னிக்கே குட்டு உடைஞ்சிடும். ஒரே நிறம், ஒரே காரம். புட்டியெல்லாம் மாறல. நான் ஒண்ணுக்கு மூணு தடவை சரிபார்த்தாச்சு. அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தது டம்மிதான்.”

மூக்கரின் கணக்கு அங்கேயே படுத்துவிட்டது.

மணியைப் பார்த்தார். மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது. கணவனின் முகம் நினைவில் வந்தது. அவனிடம் போய், மாவுதானப்பா என்று எப்படிச் சொல்வது? அதைக் கேட்டுவிட்டு அவள் ஸ்ட்ரெச்சரில் ஏறுவாள். வலி பொய்யில்லை என்பதற்கு உடம்பில் பாதியைச் சாட்சியாக எடுத்துக் கொடுப்பாள்.

“சார்,” என்று கொசு மெதுவாகச் சொன்னாள். “கிளம்பலாமா?”

“இரு.” நாற்காலியிலிருந்து அவர் எழவில்லை. “டாக்டர், டம்மியை எப்படி எரியவெச்சீங்க?”

“தெரியாது. அது கீழே கம்பவுண்டரோட வேலை. நான் கேட்டது ரெண்டே விஷயம். சாப்பிடுற பொருளா இருக்கணும், யாருக்கும் வித்தியாசம் தெரியக்கூடாது.”

“ரெண்டுலயும் ஒண்ணொண்ணு கிடைக்குமா?”

மிச்சம் வைத்த மாதிரிகள் குளிர்பெட்டியில் இருந்தன. டாக்டர் இரண்டு கேப்சூல்களை எடுத்து மேஜையில் வைத்தார். கண்ணாடி மாதிரி தெளிந்த உறை, உள்ளே மஞ்சள் தூள். இரட்டைப் பிள்ளைகள் தோற்றார்கள்.

“இடது கையில மருந்து, வலது கையில டம்மி,” என்று மூக்கர் சொல்ல, கொசு இரண்டையும் பிரித்து உள்ளங்கைகளில் கொட்டிக்கொண்டாள். மூக்கர் குனிந்து மோந்தார். இடது, வலது, மறுபடி இடது. ஒன்றும் பிடிபடவில்லை.

“உங்களுக்கே தெரியலியா? அப்ப இதைச் செஞ்சவனுக்குச் சிலைதான் வெக்கணும்.” கொசு இரண்டு கைகளிலும் நாக்கு நுனியை வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். “ரெண்டும் காரம். ரெண்டும் மஞ்சள். ரெண்டும் என் சித்தப்பா குணம். தண்ணி எங்கே இருக்கு?”

அறை மூலையில் வாஷ்பேசின். பக்கத்தில் கிளிப்பச்சையில் ஒரு துணி சோப்புக் கட்டி. கொசு வாயைக் கொப்பளித்தாள். ஒவ்வொரு கையாகச் சோப்பைத் தேய்த்தாள். இடது கையில் மஞ்சள் நுரை வழிந்தது. வலது கையைத் தேய்த்தாள்.

“ஐயோ!”

டாக்டர் ஓடினார். மூக்கர் உட்கார்ந்தபடியே திரும்பினார்.

கொசுவின் வலது உள்ளங்கை ரத்தமாகச் சிவந்திருந்தது. விரலிடுக்கில் சிவப்பு நுரை. வெள்ளை வாஷ்பேசினில் சிவப்பு இழை.

“வெட்டிக்கிட்டியா?” என்று டாக்டர் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “காயமே இல்லியே.”

“கையை அலசு,” என்றார் மூக்கர்.

அலசினாள். தண்ணீர் பட்டுச் சோப்பு போகப்போகச் சிவப்பு இளகி, பழையபடி மஞ்சளாகி நின்றது.

மூக்கர் எழுந்தார். குரலில் அவசரம் வந்திருந்தது. “அவன் தலையணை உறையில பார்த்தது ரத்தம் இல்ல. ராத்திரி நாக்குல கொட்டின தூள் எச்சிலோட ஒழுகியிருக்கு. காலையில சோப்புப் போட்டதும் சிவந்திருக்கு. பாவம், பயந்துபோயிருக்கான். ரத்தக் கறை சோப்புப் பட்டா வெளுக்கும். சோப்புப் பட்டுச் சிவக்கிறது எது? சமையல் பண்ணின கையோட துணி துவைச்ச யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.”

கொசு தன் உள்ளங்கையைப் பார்த்தாள். வாய் தானாகத் திறந்தது. “மஞ்சள்! நம்ம மஞ்சத்தூள்!”

டாக்டர் அதற்குள் கீழ்த்தளப் படியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

*

கம்பவுண்டர் என்றே எல்லோரும் கூப்பிடும் மருந்தாளுநர் கீழ்த்தளத்தில் இருந்தார். தலைக்கு வலைத்தொப்பி, கைக்கு உறை. கேப்சூல் நிரப்பும் தட்டைப் பூப்போலத் துடைத்துக்கொண்டிருந்தார். டம்மி எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாளாக அதை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர் போலிருந்தார்.

“மேடம் சொன்னது சுலபமான வேலை இல்ல சார். முதல்ல மாவுல சாயம் போட்டுப் பார்த்தேன். வெயில் பட்டா வெளுக்குது. கிழங்கு மஞ்சளை அரைச்சுப் போட்டேன். நிறம் நிக்குது, வாசனை காட்டிக்குடுக்குது. அப்புறம் மஞ்சள்லேர்ந்து பிரிச்செடுத்த சத்து வாங்கினேன். சுத்தமானது. வாசனை கிட்டத்தட்டக் கிடையாது. நிறம் அச்சு அசல்.”

“எவ்வளவு போட்டீங்க?”

“மாவோட கலந்தா வெளிறிப்போகுது. அதனால மாவையே விட்டுட்டேன். முழுசா அதுதான்.”

“காரத்துக்கு?”

“மிளகுச் சத்து!” என்றார் கம்பவுண்டர். “மிளகாய் நாக்குல எரியும். மிளகுதான் ஏப்பத்துல எரியும். மருந்தும் அப்படித்தான் எரியுது. நான் முழுங்கிப் பார்த்துத்தானே செஞ்சேன். கண்ணால பார்த்தாலும் சரி, நாக்கால பார்த்தாலும் சரி, ஏப்பம் விட்டுப் பார்த்தாலும் சரி, பிரம்மனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.” டாக்டரைப் பார்த்தார். “என்ன மேடம்? யாராவது கண்டுபிடிச்சிட்டாங்களா?”

டாக்டர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். யாரிடம் என்றில்லாமல் பேச்சு வந்தது.

“மஞ்சள் சத்து அழற்சியைத் தணிக்குமான்னு உலகம் பூரா பார்த்துக்கிட்டிருக்காங்க. இந்த நோய்க்கே பார்க்கிறாங்க. அதுல ஒரே பிரச்னை, அது ரத்தத்துல ஏறாது. உள்ள போனது அப்படியே வெளியே போயிடும். அதை ஏத்திவிடத்தான் கூட மிளகுச் சத்து சேர்ப்பாங்க.” தலையைப் பிடித்துக்கொண்டார். “மாவுன்னு நினைச்சு நான் எதிராளி மருந்தைக் கொடுத்திருக்கேன். மருந்தையும் மருந்தையும் பந்தயம் விட்டு, சமமா வந்ததைப் பார்த்து, என் குதிரை தோத்துடுச்சுன்னு நானே எழுதிக் கொடுத்திருக்கேன்.”

கம்பவுண்டரின் முகத்திலிருந்து பெருமை சொட்டுச் சொட்டாக வடிந்தது. “சாப்பிடுற பொருள்னு தானே மேடம் சொன்னீங்க...”

“குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாரா முடிஞ்சிருக்கு,” என்றாள் கொசு. யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

“அப்ப அந்தப் பெண்ணுக்கு வலி குறைஞ்சது மஞ்சளாலதானே?” என்று மூக்கர் கேட்டார்.

“அப்படிச் சொல்லமாட்டேன்.” டாக்டர் நிமிர்ந்தார். உடைந்த குரலிலும் அந்த வார்த்தை உறுதியாக வந்தது. “ரெண்டும் வேலை செஞ்சிருக்கலாம். ரெண்டுமே செய்யாம, மருந்து சாப்பிடுறோங்கிற தெம்புல குறைஞ்சிருக்கலாம். மறுபடி முதல்லேர்ந்து, நிஜமான மாவை வெச்சுப் பார்த்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் யாரும் வீட்டு டப்பாவைத் திறந்து அள்ளி முழுங்கக் கூடாது. ஆனா ஒண்ணு சொல்லுவேன். மாவு முழுங்கினேன்னு அந்தப் பெண் தலைகுனிய வேண்டியதில்ல. அவ மாவு முழுங்கல.”

“அதை அவங்ககிட்ட நேர்ல சொல்லணும். இப்பவே.”

டாக்டர் சர்ஜனுக்குப் போன் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. கணவனுக்கு மூக்கர் அடித்தார். எடுத்தான். பின்னால் சக்கரச் சத்தம்.

“கூட்டிட்டுப் போறாங்க சார்.”

“நிறுத்து.”

“நான் சொன்னா நிப்பாளா?”

*

டாக்டரின் காரில் போனார்கள். இரண்டு சிக்னலில் நின்றார்கள். மூன்றாவதில் லாரி ஒன்று குறுக்கே நின்றது. கொசு ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, லாரிக்காரரின் ஏழு தலைமுறையையும் விசாரித்து வழி வாங்கினாள்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றிருந்தது. பச்சைத் தொப்பிக்குள் அவள் முகம் இன்னும் சின்னதாக இருந்தது. உள்ளே முந்தைய நோயாளியை இன்னும் வெளியே எடுக்கவில்லை. அந்தத் தாமதம்தான் அவர்களுக்கு மிச்சமிருந்த நேரம்.

“அம்மா,” என்றார் மூக்கர். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. “நீங்க முழுங்கினது மாவு இல்ல.”

அவள் கண்ணை மட்டும் திருப்பினாள்.

டாக்டர் சொன்னார். தான் செய்த தவறை முதலில் சொன்னார். மஞ்சளைச் சொன்னார், மிளகைச் சொன்னார். எது வலியைக் குறைத்தது என்று தனக்கு இன்னும் தெரியாது என்பதையும் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். நடுவில் ஒரு முறை வலி வந்தது. ஸ்ட்ரெச்சர் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். டாக்டர் நிறுத்தினார். “சொல்லுங்க” என்றாள் பல்லைக் கடித்தபடி.

சொல்லி முடித்ததும் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“அப்ப அந்தக் காரம் நிஜம்தானே?”

“நிஜம்.”

அவள் கண்ணோரத்திலிருந்து நீர் இறங்கித் தொப்பிக்குள் போனது. மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. ரொம்ப நாள் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாற்போல இருந்தது.

உள்ளிருந்து சர்ஜன் வந்தார். என்ன கூட்டம் என்று முகம் சுளித்தார். அவள் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். நர்ஸ் படுக்கவைக்கப் போனாள். அவள் கையை விலக்கினாள்.

“சார், அன்னிக்கு நீங்க சொன்னதையே செய்யுங்க. உள்ள போய்ப் பாருங்க. ஒட்டிக்கிட்டு இருக்கிறதைச் சுரண்டி எடுங்க. கர்ப்பப்பை இருக்கட்டும்.”

“வலி திரும்ப வரலாம்மா. அன்னிக்கே சொன்னேன்.”

“வரட்டும். வந்தா வலிக்குதுன்னு சொல்லுவேன்.” படுத்துக்கொண்டாள். “சாட்சி சொல்ல என் வயித்தைக் கூப்பிட மாட்டேன்.”

சர்ஜன் ஆய்வு டாக்டரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். புதிய சம்மதம் வாங்க ஒரு நர்ஸ் ஓடினாள். சற்று நேரத்தில் ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. போகும்போது அவள் கணவனைப் பார்த்தாள். அவன் கை தூக்கினான். அதற்குள் கதவு மூடிக்கொண்டது.

ஆய்வு டாக்டர் போனை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தின் கோடிக்குப் போனார். ஆய்வை மூடியவர்களோடு சண்டைபோடும் குரல் அங்கிருந்து கேட்டது. கொசு சுவரில் சாய்ந்து தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் மஞ்சள் இன்னும் போகவில்லை.

கணவன் மூக்கருக்குப் பக்கத்தில் வந்து நின்றான். நன்றி சொல்லப்போகிறான் என்று நினைத்து மூக்கர் தயாரானார்.

“சார். நேத்து உங்ககிட்ட நான் முழுசாச் சொல்லல.”

“என்ன?”

“மாவுன்னு சொன்ன அன்னிக்கு எங்கம்மா கேட்டாங்கல்ல? எனக்கும் அதேதான் தோணிச்சு. வாயால சொல்லல. ஆனா தோணிச்சு.” குரலைத் தாழ்த்தினான். “அவ பொய் சொல்றாளா இல்லியான்னு எனக்குத் தெரியணும். அதுக்குத்தான் சார் உங்ககிட்ட வந்தேன். மாத்திரைக்காக வரல.”

தாழ்வாரத்தில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

“தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தாத்தான் தெரியும்பாங்க,” என்றான் அவன். “கூடவே படுத்துக் கிடந்த எனக்கே தெரியலியே. இதை அவகிட்ட சொல்லிடவா சார்? சொன்னாத் தாங்குவாளா?”

மூக்கர் தியேட்டர் கதவைப் பார்த்தார். இந்த வழக்கில் அவர் கண்டுபிடித்ததில் கடைசியானதும் சுலபமானதும் அதுதான். அதைச் சொல்லத்தான் நேரம் பிடித்தது.

“கடை முதலாளி சிரிச்சதுக்கு எந்தப் பொம்பளையும் கர்ப்பப்பையை எடுத்துக் கொடுக்கமாட்டா. மாமியார் கேட்டதுக்கும் கொடுக்கமாட்டா.” நிறுத்தினார். “தட்டுல வெச்சுக் காட்டணும்னு அவ நினைச்சது உனக்குத்தான்ப்பா. அவளுக்கு அன்னிக்கே தெரியும்.”



அவன் அசையாமல் நின்றான். லிஃப்ட் கயிறு அறுந்தால் எப்படிச் சத்தம் வரும் என்று தெரிந்தவன். அப்படி ஒரு சத்தத்துக்குக் காத்திருக்கிறவன் போல நின்றான். பிறகு நாற்காலிகளைப் பார்த்தான். எல்லாம் சுவரோரம், கதவுக்குப் பக்கவாட்டில் இருந்தன. அங்கே உட்காரவில்லை. கதவு திறந்தால் ஸ்ட்ரெச்சரில் படுத்து வருகிறவளின் கண்ணில் முதலில் எந்த இடம் படும் என்று நின்று பார்த்தான், ஓரடி தள்ளிப் பார்த்தான், குனிந்து பார்த்தான். அந்த இடத்தில், நடைபாதையை மறித்துக்கொண்டு, தரையிலேயே உட்கார்ந்தான்.

நர்ஸ் ஒருத்தி வந்து எழுந்திருங்க என்றாள்.

அவன் எழுந்திருக்கவில்லை.